மருந்துக்குக் கட்டுப்படும் கிருமி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

தோலில் ஒரு சீழ்க்கட்டி வர எத்தனை பாக்டீரியாக்கள் வேண்டும்? 1957இல் எலெக், கோனென் என்ற இரு ஆய்வாளர்கள் பிரிட்டனில் இதை மனிதர்களிடமே சோதித்துப் பார்த்தார்கள். தாமாக முன்வந்தவர்களின் தோலுக்குள் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியை ஊசியால் செலுத்தினார்கள். பத்து லட்சக் கணக்கில் செலுத்தினால்தான் சீழ் பிடித்தது. அதற்குக் குறைவாக இருந்தால் உடலே சமாளித்துக்கொண்டது. பிறகு அதே கிருமியை ஒரு பட்டுத் தையல் நூலோடு சேர்த்துத் தோலுக்குள் வைத்தார்கள். இப்போது சில நூறு கிருமிகளே போதுமானதாக இருந்தன. கிட்டத்தட்ட பத்தாயிரம் மடங்கு வித்தியாசம்.

கிருமி அதேதான். மனித உடலும் அதேதான். கூடுதலாக உள்ளே ஒரு துண்டு நூல் இருந்தது, அவ்வளவுதான்.

அந்த நூல் கிருமிக்கு ஒட்டிக்கொள்ள ஓர் இடம் கொடுத்தது. ஒட்டிக்கொண்ட பாக்டீரியா, மிதந்து திரியும் பாக்டீரியாவைவிட நடத்தையில் பெரிதும் மாறுபட்டது. தன்னைச் சுற்றி ஒரு பிசினைச் சுரந்துகொண்டு, கூட்டமாக, ஒரு மேற்பரப்பின் மீது படலமாக வாழ ஆரம்பிக்கிறது. இந்தப் படலத்துக்குத்தான் பயோஃபிலிம் என்று பெயர். உயிர்ப்படலம் என்றும் எழுதுகிறார்கள். திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்று, ஆறாத சர்க்கரைப் புண், மாற்று மூட்டில் பிடிக்கும் சீழ், டைஃபாய்டு நோய் போன பிறகும் கிருமியைச் சுமப்பது என்று நாம் தனித்தனியாகப் பார்க்கும் பல தொல்லைகளுக்குப் பின்னால் இந்த ஒரே வாழ்க்கை முறை இருக்கிறது. அங்கெல்லாம் இன்னும் வீரியமான மருந்து எது என்று தேடுவதற்கு முன், கிருமி எதன் மீது உட்கார்ந்திருக்கிறது என்று தேட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

படலம் எப்படி உருவாகிறது

உடலுக்குள் வைக்கப்படும் எந்தப் பொருளும் சில நிமிடங்கள்கூட வெறுமையாக இருப்பதில்லை. ரத்தத்திலும் சிறுநீரிலும் திசுநீரிலும் உள்ள புரதங்கள், முக்கியமாக ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜன் போன்றவை, உடனே அதன் மேல் படிந்துவிடுகின்றன. அந்தப் பக்கம் வரும் பாக்டீரியா முதலில் இந்தப் புரதப் பூச்சைத்தான் தொடுகிறது. முதல் பிடி தளர்வானது. நீரோட்டம் அடித்தால் விட்டுப் போய்விடும். பிடி நிலைத்தால் தன் உடலில் உள்ள மெல்லிய மயிரிழைகளாலும் ஒட்டும் புரதங்களாலும் கெட்டியாகப் பற்றிக்கொள்கிறது.

இந்த இடத்தில் பாக்டீரியாவின் உள்ளே ஒரு முடிவு எடுக்கப்படுகிறது. நீந்துவதா, தங்குவதா? பல பாக்டீரியா இனங்களில் இதைத் தீர்மானிப்பது சைக்ளிக்-டை-ஜிஎம்பி என்ற சிறு மூலக்கூறு. 1987இல் இஸ்ரேலின் மோஷே பென்சிமன் குழு இதை ஒரு பாக்டீரியா செல்லுலோஸ் தயாரிக்கும் விதத்தை ஆராயும்போது கண்டுபிடித்தது. இதன் அளவு செல்லுக்குள் ஏறினால் நீந்தும் சாட்டை இழைகளின் வேலை குறைகிறது, பிசின் சுரப்பது கூடுகிறது. அளவு இறங்கினால் மறுபடி நீந்தும் வாழ்க்கை.

தங்குவது என்று முடிவான பின் செல்கள் பெருகுகின்றன, பிசின் சேர்கிறது. சர்க்கரைச் சங்கிலிகள், புரதங்கள், செத்த செல்களிலிருந்து வெளியே கொட்டிய டிஎன்ஏ எல்லாம் கலந்த வழுவழுப்பான கூழ் அது. பெரும்பாலான படலங்களில், நீரை நீக்கிவிட்டு எடை பார்த்தால், பாக்டீரியாக்கள் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. மீதியெல்லாம் இந்தப் பிசின்தான். வெளியே கொட்டும் டிஎன்ஏ வெறும் குப்பை என்றுதான் முன்பு நினைத்தார்கள். 2002இல் சூடோமோனாஸ் கிருமியின் இளம் படலத்தில் டிஎன்ஏவை வெட்டும் நொதியை விட்டபோது படலமே கரைந்து போனது. படலம் கட்ட டிஎன்ஏவும் ஒரு மூலப்பொருள் என்பது அப்போதுதான் தெளிவானது.

கூட்டத்தில் எத்தனை பேர் இருக்கிறோம் என்பதையும் பாக்டீரியாக்கள் அறிந்துகொள்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சிறு ரசாயனத்தை வெளிவிடுகிறது. கூட்டம் அடர்த்தியானால் அந்த ரசாயனமும் அடர்த்தியாகிறது. ஓர் அளவைத் தாண்டியதும் எல்லாச் செல்களும் ஒரே நேரத்தில் சில மரபணுக்களை இயக்குகின்றன. கடலில் ஒளிரும் பாக்டீரியாக்களில் இந்த முறையை 1970இல் நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் ஆகியோர் கண்டறிந்தார்கள். நோய்க்கிருமிகளும் இதே முறையில்தான் நச்சைச் சுரப்பது, படலத்தைக் கட்டுவது, கலைந்து கிளம்புவது போன்ற கூட்டுக் காரியங்களைச் செய்கின்றன. கடைசியாகச் சொன்ன கலைந்து கிளம்புவதுதான் நோயாளிக்குக் குளிர்க்காய்ச்சலாகத் தெரிகிறது. படலத்திலிருந்து பிரிந்த கிருமிகள் ரத்தத்தில் கலக்கும்போது உடல் நடுங்குகிறது, மருந்து கொடுத்தால் அவை சாகின்றன, காய்ச்சல் விடுகிறது. படலம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இப்படி வாழ்வது ஏதோ அபூர்வமான நோய்க்கிருமிகள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். காலையில் பல்லில் நாக்கை வைத்தால் தட்டுப்படும் மெழுகுப்பூச்சு, மாடித் தண்ணீர்த் தொட்டியின் உள்சுவர் வழுவழுப்பு, ஆற்றுக் கல்லின் வழுக்கல் எல்லாவற்றிலும் இந்தப் படலம் உண்டு. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் இருந்த பில் காஸ்டர்டன் மலை ஓடைகளில்தான் இதைப் பார்த்தார். ஓடும் நீரில் மிதப்பவை கொஞ்சம், கற்களில் ஒட்டியிருப்பவை ஏராளம். 1978இல் அவரும் சக ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் மருத்துவ உலகம் இந்தப் பக்கம் திரும்பத் தொடங்கியது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் இதே படலத்தை வளர்த்து நமக்கு நன்மையும் செய்கின்றன. நம் உடலில் தவறான இடத்தில் அது உருவாகும்போதுதான் சிக்கல்.

மருந்து ஏன் தோற்கிறது

முதன்முதலில் பாக்டீரியாவைப் பார்த்த மனிதரே இதையும் பார்த்துவிட்டார் என்பது வியப்பான செய்தி. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத் துணி வியாபாரி லேவன்ஹுக், 1680களில் தன் பல் அழுக்கைச் சுரண்டித் தானே செய்த நுண்ணோக்கியில் வைத்து, அதில் நெளியும் சின்னஞ்சிறு உயிர்களைக் கண்டார். வினிகரால் வாய் கொப்பளித்துவிட்டு மறுபடி பார்த்தார். அழுக்கின் வெளிப்புறத்தில் இருந்தவை மட்டும் செத்திருந்தன. வினிகர் உள்வரை போகவில்லை என்று லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார்.

அதனால் பயோஃபிலிம் என்றதும் எல்லோரும் சொல்லும் காரணம், மருந்து உள்ளே போகாது என்பது. அது பாதி உண்மைதான். ஜென்டாமைசின் போன்ற மருந்துகள் பிசினில் சிக்கி மெதுவாகின்றன. ஆனால் சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகள் படலத்தின் அடிவரை தாராளமாகப் போய்ச் சேர்கின்றன. போய்ச் சேர்ந்தும் கொல்ல முடிவதில்லை. அதற்கான காரணம்தான் முக்கியமானது.

படலத்தின் மேல்பக்கச் செல்களுக்கு ஆக்சிஜனும் உணவும் கிடைக்கின்றன. அடியில் இருப்பவற்றுக்குக் கிடைப்பது சொற்பம். அவை வளர்வதை ஏறக்குறைய நிறுத்திவிடுகின்றன. நம்மிடம் உள்ள ஆன்டிபயாடிக்குகளில் பெரும்பாலானவை வளரும் செல்லைத் தாக்குபவை. பென்சிலின் செய்வது, சுவர் எழுப்பும் கொத்தனாரின் கையைப் பிடித்துக்கொள்வது. சுவர் வேலையே நடக்காத இடத்தில் கொத்தனாரின் கையைப் பிடித்து என்ன பயன்?

இதிலும் ஒரு தீவிர வகை உண்டு. 1944இல் ஜோசப் பிகர் என்ற அயர்லாந்து மருத்துவர், பென்சிலினால் ஸ்டெஃபிலோகாக்கஸைக் கொன்று பார்த்தார். கோடிக்கணக்கில் செத்தாலும் சொற்பமான சில எப்போதும் மிஞ்சின. அவற்றை எடுத்து வளர்த்துத் திரும்பப் பென்சிலின் கொடுத்தால், அவற்றின் வாரிசுகளிலும் அதே போலப் பெரும்பாலானவை செத்தன, சில மிஞ்சின. அதாவது அவை மருந்தெதிர்ப்பு பெற்ற கிருமிகள் அல்ல. மரபணுவில் எந்த மாற்றமும் இல்லை. அந்த நேரத்தில் முடங்கிக் கிடந்தவை, அதனால் தப்பியவை. படலத்துக்குள் இத்தகைய முடங்கிய செல்கள் பாதுகாப்பாக இருக்கின்றன. மருந்தை நிறுத்தியதும் எழுந்து மறுபடி கூட்டத்தைக் கட்டுகின்றன.

நம் வெள்ளணுக்களும் அங்கே திணறுகின்றன. மிதக்கும் கிருமியை விழுங்கிவிடும் நியூட்ரோஃபில் செல்லால் தன்னைவிடப் பெரிய, பிசினால் மூடிய கூட்டத்தை விழுங்க முடியாது. தன்னிடம் உள்ள நச்சுக்களை அங்கேயே கொட்டுகிறது. அதில் பக்கத்துத் திசுவும் சேர்ந்து வேகிறது. ஆறாத புண்களில் நாம் பார்க்கும் சேதத்தில் ஒரு பகுதி நம் உடலே செய்துகொள்வதுதான்.

எல்லாம் சேர்ந்து, படலத்தில் உள்ள பாக்டீரியாவைக் கொல்ல, மிதக்கும் அதே பாக்டீரியாவுக்குத் தேவைப்படுவதைவிட ஆயிரம் மடங்கு வரை அதிக மருந்து தேவைப்படலாம். அந்த அளவை மனித உடலில் ஏற்ற வழியில்லை.

இங்கே கல்ச்சர் ரிப்போர்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சிறுநீரையோ சீழையோ ஆய்வகத்துக்கு அனுப்பினால், அதிலிருந்து கிருமியைப் பிரித்து, புத்தம் புதிதாக வளர்த்து, எந்த மருந்து அதைத் தடுக்கிறது என்று பார்க்கிறார்கள். நல்ல சோதனைதான். முடிந்தவரை சிகிச்சைக்கு முன் செய்ய வேண்டியதும்கூட. ஆனால் அந்தச் சோதனையில் இருப்பது உணவு தாராளமாகக் கிடைத்து வேகமாகப் பெருகும் கிருமி. உடலுக்குள் படலத்தின் அடியில் பட்டினி கிடக்கும் கிருமி அல்ல. அதனால் மருந்து கேட்கும் என்று ரிப்போர்ட் சொல்வதும், நோயாளிக்குக் குணமாகாமல் இருப்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். அங்கே ஆய்வகமும் பொய் சொல்லவில்லை, மருந்தும் போலி இல்லை.

சரி, கிருமியைப் படலமாகவே வளர்த்துச் சோதிக்கலாமே? கால்கரியில் 1999இல் அதற்கென்று ஒரு கருவியும் வந்தது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பிறவி நுரையீரல் நோயாளிகளிடம், அந்த முறையில் தேர்ந்தெடுத்த மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான முறையைவிட மேலான பலன் கிடைக்கவில்லை. உடலுக்குள் உருவாகும் படலம் ஆய்வகப் படலத்தைவிடச் சிக்கலானது என்று தெரிகிறது.

சிறுநீர்க் குழாய்

இந்த விஷயம் நம் வீடுகளுக்குள் அதிகம் நுழைவது கதீட்டர் வழியாகத்தான். பக்கவாதம் வந்து படுத்துவிட்ட அப்பா, இடுப்பு எலும்பு முறிந்த பாட்டி, புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் கழிக்க முடியாத தாத்தா. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வரும்போது கட்டிலில் தொங்கும் யூரின் பையும் கூட வருகிறது. முனையில் சிறு பலூன் உள்ள இந்தக் குழாயை 1930களில் அமெரிக்க மருத்துவர் ஃபிரெடரிக் ஃபோலி உருவாக்கினார். இன்றும் அதே அடிப்படை வடிவம்தான்.

ஆரோக்கியமான சிறுநீர்ப்பை நிரம்புகிறது, பிறகு வேகமாகக் காலியாகிறது. ஒட்டப் பார்க்கும் கிருமிகளை அந்த வேகமே அடித்துக்கொண்டு போகும். குழாய் போட்டதும் இந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. சிறுநீர் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது, பலூனுக்குக் கீழே எப்போதும் கொஞ்சம் தேங்கி நிற்கிறது. கிருமிகள் இரண்டு வழிகளில் மேலே ஏறுகின்றன. ஒன்று, குழாயின் வெளிப்புறமாக, மலத்துவாரப் பகுதியிலிருந்து. இன்னொன்று, பையின் வாய் வழியாகவோ குழாயும் பையும் சேரும் இணைப்பு வழியாகவோ உட்புறமாக. திறந்த பாத்திரத்தில் சிறுநீர் வடிந்த பழைய காலத்தில் நாலே நாளில் ஏறக்குறைய எல்லோருக்கும் சிறுநீரில் கிருமி வந்துவிட்டது. குழாயும் பையும் ஒன்றாக மூடிய அமைப்பு 1960களில் பரவிய பிறகு அந்த வேகம் குறைந்தது. ஆனாலும் குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் வரை கூடுகிறது. ஒரு மாதம் ஆனால் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வந்துவிடும்.

புரோட்டியஸ் மிராபிலிஸ் என்ற கிருமி வந்தால் நிலைமை மோசமாகிறது. இது யூரியேஸ் என்ற நொதியைச் சுரந்து சிறுநீரில் உள்ள யூரியாவை அம்மோனியாவாக உடைக்கிறது. சிறுநீர் காரத்தன்மை அடைகிறது. அதில் கரைந்திருந்த மக்னீசியம், கால்சியம் பாஸ்பேட் உப்புகள் படிகமாகிப் பிசினுக்குள் சிக்கிக்கொள்கின்றன. படலம் கல்லாகிறது. நீண்ட காலம் குழாயோடு இருப்பவர்களில் பாதிப் பேர் வரை இப்படி அடைப்பைச் சந்திக்கிறார்கள். குழாயைச் சுற்றிச் சிறுநீர் கசிவது, பையில் திடீரென்று சிறுநீர் குறைவது, அடிவயிறு உப்புவது எல்லாம் இதன் அறிகுறிகள். கவனிக்காவிட்டால் சிறுநீர் மேலே சிறுநீரகம் வரை எதிர்த்து ஏறி, ரத்தத்தில் தொற்று பரவி உயிருக்கே ஆபத்தாகும். அடைப்பு எடுத்த குழாயைக் கழுவித் திறந்துவிடலாம் என்று பார்க்காமல் மாற்றிவிடுவதே நல்லது.

இந்தப் படலம் உருவாகாத குழாயைச் செய்ய எவ்வளவோ முயற்சி நடந்தது. வெள்ளிப் பூச்சு கிருமியைக் கொல்லும் என்பது பழைய நம்பிக்கை, ஆய்வகத்தில் அது உண்மையும்கூட. பிரிட்டனில் 7,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவுகள் 2012இல் வெளியாயின. குறுகிய காலப் பயன்பாட்டில் வெள்ளிப் பூச்சுக் குழாய், சாதாரணக் குழாயைவிட அறிகுறியுள்ள தொற்றைக் குறைக்கவில்லை. புரதமும் உப்பும் பூச்சின் மேல் படிந்துவிட்டால், அடுத்து வரும் கிருமி தொடுவது வெள்ளியை அல்ல என்பது நினைத்துப் பார்த்தால் புரிகிறது.

வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்குச் சொல்ல வேண்டியவை இதிலிருந்தே வருகின்றன. குழாய் இருக்கும் வரை சிறுநீரில் கிருமி இருக்கும். அது இயல்பு. சிறுநீர் கலங்கலாக இருக்கிறது, வாடை அடிக்கிறது என்பதற்காக மட்டும் கல்ச்சர் அனுப்பி ஆன்டிபயாடிக் கொடுக்கக் கூடாது. காய்ச்சலோ குளிரோ விலா வலியோ புதிதாக வந்த குழப்பமோ இல்லாமல் கொடுக்கும் ஒவ்வொரு மருந்தும் படலத்தைத் தொடாமல், அங்கே மருந்தெதிர்ப்புள்ள கிருமிகளைத் தேர்ந்தெடுத்து வளர்க்கும் வேலையை மட்டும் செய்கிறது. நம் ஊரில் இது மிக அதிகமாக நடக்கிறது. வயதானவர்களின் உடலில் கடைசியில் எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி வந்து சேர்வதற்கு இதுவும் ஒரு காரணம். இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

உண்மையான தொற்று வந்துவிட்டால், குழாய் போட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தால், முதலில் குழாயை மாற்றிவிட்டுப் புதிய குழாயிலிருந்து சிறுநீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. பழைய குழாயில் எடுத்தால் ரிப்போர்ட்டில் வருவது குழாயில் குடியிருக்கும் கிருமிகளின் பட்டியல். நோயை உண்டாக்கிய கிருமி எது என்பது அதில் மறைந்துவிடும். பை எப்போதும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும், ஆனால் தரையில் படக் கூடாது. இணைப்பைத் தேவையில்லாமல் கழற்றக் கூடாது. இவற்றுக்கெல்லாம் மேலாக, குழாய் இன்னும் தேவையா என்று ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் கேளுங்கள். தேவை முடிந்தும் மறந்துபோய் விட்டுவைத்த குழாய்கள் எத்தனையோ.

குழாயே இல்லாதவர்களுக்கும் சிறுநீர்த் தொற்று திரும்ப வருகிறது. பெண்களில் பாதிப் பேருக்காவது வாழ்நாளில் ஒரு முறை வரும். அவர்களில் நான்கில் ஒருவருக்கு ஆறு மாதத்துக்குள் மறுபடி வரும். பெரும்பாலும் காரணம் நம் குடலில் வாழும் ஈ. கோலை என்ற பாக்டீரியா. அதன் மயிரிழை நுனியில் உள்ள ஒட்டும் புரதம் விசித்திரமானது. சிறுநீர் ஓட்டம் இழுக்க இழுக்க அதன் பிடி இறுகுகிறது, ஓட்டம் நின்றால் தளர்கிறது. ஒட்டிய கிருமி சிறுநீர்ப்பையின் உள்தோல் செல்லுக்குள்ளேயே நுழைந்து, அங்கே பயோஃபிலிம் போன்ற கூட்டமாகப் பெருகுவதை ஸ்காட் ஹல்ட்கிரென் குழு 2003இல் எலிகளிடம் காட்டியது. 2007இல் தொற்று வந்த பெண்களின் சிறுநீரிலும் அத்தகைய செல்கள் தென்பட்டன. ‘சுத்தமாக இல்லாததால்தான் திரும்ப வருகிறது’ என்று பெண்களைக் குறை சொல்லும் வழக்கம் எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பித்தப்பைக் கல், மாற்று மூட்டு, சர்க்கரைப் புண்

டைஃபாய்டு வந்து குணமானவர்களில் சிலர், நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவானவர்கள், வருடக்கணக்கில் கிருமியைச் சுமந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்கு எந்த நோயும் தெரியாது. அவர்கள் சமைத்ததைச் சாப்பிடுபவர்களுக்கு நோய் வரும். நியூயார்க்கில் சமையல் வேலை பார்த்த மேரி மாலன் இதற்குப் பெயர்போனவர். 1907இல் அவரைப் பிடித்து ஒரு தீவில் தனிமைப்படுத்தினார்கள். பித்தப்பையை எடுத்துவிடலாம் என்றார்கள், அவர் மறுத்தார். 1910இல் இனிச் சமைப்பதில்லை என்ற நிபந்தனையோடு விடுதலை ஆனார். மறுபடி சமையல் வேலைக்குப் போய் 1915இல் பிடிபட்டு, 1938இல் சாகும் வரை அந்தத் தீவிலேயே இருந்தார்.

அவருக்குத் தன்னிடம் நோய் இருப்பதாக நம்பவே முடியவில்லை. நோய் தெரியாத ஒரு பெண்ணை இத்தனை ஆண்டுகள் சிறை வைத்தது கொடுமை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பித்தப்பை என்று மருத்துவர்கள் ஊகித்தது சரியான திசை. கிருமி சுமப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பித்தப்பைக் கற்கள் உண்டு. பித்தநீர் பல கிருமிகளைக் கொல்லும். டைஃபாய்டு கிருமியான சால்மொனெல்லாவோ அதைத் தாங்குவதோடு, கொழுப்புக் கல்லின் மேல் படலம் கட்டிக்கொள்கிறது. மெக்சிகோ நகரில் கல்லுக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் கிருமி சுமந்தவர்களின் கற்களில் இந்தப் படலத்தை நுண்ணோக்கியில் பார்த்ததாக 2010இல் ஜான் கன் குழு எழுதியது. கல் இருக்கும்போது ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்தால் பலருக்கும் கிருமி போகாததன் காரணம் இதுதான்.

மாற்று மூட்டில் வரும் தொற்றும் இதே தர்க்கம்தான். நாள்பட்ட தொற்று என்றால் பெரும்பாலும் உலோக மூட்டையே கழற்றி, மருந்து கொடுத்து, பிறகு புதியது வைக்க வேண்டியிருக்கும். ஆரம்பத்திலேயே, சில வாரங்களுக்குள், கண்டுபிடித்தால் திறந்து சுரண்டிச் சுத்தம் செய்து மூட்டைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. அப்போது நமக்குக் காசநோய் மருந்தாகத் தெரிந்த ரிஃபாம்பிசின் கைகொடுப்பதாக 1998இல் சுவிட்சர்லாந்தின் சிம்மர்லி குழு காட்டியது. சிகிச்சையை முழுதாக முடித்தவர்களில் ரிஃபாம்பிசினும் சேர்த்துப் பெற்ற 12 பேரும் குணமானார்கள். அது இல்லாமல் பெற்ற 12 பேரில் 7 பேர்தான். சின்னச் சோதனை. 2020இல் நார்வேயில் செய்தபோது அந்த அளவு பலன் தெரியவில்லை, அதனால் விவாதம் தொடர்கிறது. சீக்கிரம் திறந்து சுத்தம் செய்வதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

சர்க்கரைப் புண் நம்மிடையே எவ்வளவு பேரின் காலை வாங்கியிருக்கிறது என்பது தெரிந்ததே. 2008இல் வந்த ஓர் ஆய்வில் 50 நாள்பட்ட புண்களைப் பார்த்ததில் 30இல் படலம் இருந்தது. புதிய காயங்கள் 16இல் ஒன்றில் மட்டும். அப்படிப்பட்ட புண்ணில் மேலே களிம்பு பூசுவதும் மாத்திரை மாற்றுவதும் அவ்வளவாக உதவாது. செத்த திசுவையும் படலத்தையும் கத்தியால் சுரண்டி எடுக்க வேண்டும். அதுவும் ஒரு தடவை போதாது. சுரண்டிய ஓரிரு நாள் வரை புதிதாகக் கட்டும் படலம் இளசாக இருப்பதால் மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படுகிறது, அப்புறம் மறுபடி முற்றிவிடுகிறது. மருத்துவர் வாராவாரம் வரச் சொன்னால் அதற்கு இதுதான் காரணம். வலிக்கிறது, செலவாகிறது என்று இடையில் விட்டுவிடுபவர்களிடம் யாராவது இதை உட்காரவைத்து விளக்கினால் சில கால்கள் தப்பும்.

புடவைத் துணி

ஒட்டிக்கொள்வது கிருமிக்குப் பலம். நமக்கு அதுவே ஒரு பிடியாகவும் ஆகலாம் என்பதற்கு வங்கதேசத்தில் ஓர் அருமையான உதாரணம் இருக்கிறது.

காலரா கிருமி குளத்திலும் ஆற்றுமுகத்திலும் பெரும்பாலும் தனியாக மிதப்பதில்லை. கோபிபாட் என்ற கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சிறு நீர்ப்பூச்சிகளின் ஓட்டின் மேல் படலமாக ஒட்டி வாழ்கிறது. ஒரு பூச்சியின் மேல் ஆயிரக்கணக்கில் இருக்கும். நோயாளியின் மலத்திலும் தனிக் கிருமிகளோடு திரள்திரளாகப் படலத் துண்டுகள் வெளியேறுகின்றன. தனிக் கிருமி எந்தத் துணியிலும் நிற்காது, அவ்வளவு சிறியது. பூச்சியும் திரளும் நிற்கும்.

அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெல்லும் அன்வர் ஹக்கும் இதை வைத்து ஓர் எளிய யோசனை செய்தார்கள். பழைய பருத்திப் புடவையைக் குறைந்தது நான்காக மடித்துக் குடத்தின் வாயில் கட்டித் தண்ணீர் மொண்டால் என்ன? பழந்துணிதான் இதற்கு நல்லது. துவைத்துத் துவைத்து நூல் பிரிந்து கண்கள் சிறிதாகிவிடுவதால் 20 மைக்ரான் அளவுள்ள துகளைக்கூடப் பிடிக்கும். ஆய்வகத்தில் பூச்சிகளோடு ஒட்டிய கிருமிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வடிகட்டப்பட்டன. மட்லப் பகுதியில் 65 கிராமங்களில் மூன்று ஆண்டு செய்து பார்த்ததில் காலரா ஏறக்குறைய பாதியாக, 48 சதவீதம், குறைந்ததாக 2003இல் எழுதினார்கள். வந்த நோயும் கடுமை குறைந்திருந்தது, ஏனென்றால் வயிற்றுக்குள் போன கிருமிகளின் எண்ணிக்கையே குறைவு. கொதிக்க வைப்பதற்கு இது மாற்று அல்ல. விறகு வாங்கவே கஷ்டப்படும் வீட்டில், வெள்ளம் சூழ்ந்த நாளில், கைக்கு எட்டுவது இது.

ஆய்வு முடிந்து ஐந்தாண்டு கழித்து அந்தக் கிராமங்களுக்குத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். யாரும் வற்புறுத்தாமலே பெண்களில் 31 சதவீதம் பேர் இன்னும் தண்ணீரை வடிகட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களைச் சுற்றி வாழ்ந்த, வடிகட்டாத வீடுகளிலும் காலரா குறைவாகத் தென்பட்டது.